பிள்ளையார் மறைத்த விளக்கு

ஆக்சிஜன் சென்சாரைத் தின்னர் ஊற்றிக் கழுவக் கூடாது, ஐயா. கார் வைத்திருக்கிற நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. கறுப்பாக இருக்கிறதே, அழுக்குத்தானே என்று கழுவிவிடுகிறார்கள். கழுவினால் பளிச்சென்று ஆகும். ஆனால் அதற்குப் பிறகு அது எதற்கும் உதவாது.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. டீ வேண்டாம், வரும்போதுதான் குடித்தேன். என் பெயர் கொளஞ்சி. கடலூர் செம்மண்டலத்தில் பெட்ரோல் கார்களுக்கான பட்டறை வைத்திருக்கிறேன், பக்கத்து அறையில் புகைப் பரிசோதனையும் உண்டு. போன மாதம் சிதம்பரத்தில் கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற காருக்குள் இறந்துபோன மங்கலம் என் கூடப் பிறந்த அக்கா. அந்த வண்டியைச் சோதித்துப் பார்த்தவர்கள் 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று சொல்லிவிட்டதாகவும், நீங்களும் அதோடு முடித்துக்கொள்ளப் போவதாகவும் கேள்விப்பட்டேன். அந்த வார்த்தையை மாற்ற வேண்டும். அதற்காகத்தான் பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு வந்தேன். 2004இல் பட்டறை தொடங்கினேன். இந்த ஆறு வருடத்தில் என் வேலையைக் கவனக்குறைவு என்று ஒருவரும் சொன்னது கிடையாது.

சென்சார் என்றால் பெரிய சமாசாரம் இல்லை. விரல் நீளம்தான் இருக்கும். இன்ஜினிலிருந்து வருகிற புகைக்குழாயில் துளை போட்டு அதில் முறுக்கி வைத்திருப்பார்கள். வெளியே போகிற புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சென்சார் கெட்டுவிட்டால் கம்ப்யூட்டருக்குக் கண் தெரியாது. இஷ்டத்துக்குப் பெட்ரோலை ஊற்றும், புகையில் விஷம் ஏறும். அப்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். பராமரிப்பு என்று பார்த்தால் செய்யக் கூடாதவைதான் அதிகம். கழுவக் கூடாது, சுரண்டக் கூடாது, ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கலப்படப் பெட்ரோல் போடக் கூடாது. விளக்கு எரிந்தால் என்னவென்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

என் புகைப் பரிசோதனை மெஷினுக்குள்ளும் இப்படி ஒரு சென்சார் இருக்கிறது. உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் அதன் ஆயுள் தானாகத் தீரும். நான் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் நாள் அதை மாற்றிவிடுவேன். ஊருக்குள் இன்னொரு கடையில் ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமத்தைப் பரிசோதனைக் குழாயின் வாயிலேயே அப்பிவிட்டார்கள். அந்த வாரம் அங்கே போன கார்களில், மெஷின் கணக்குப்படி, ஒன்றுகூடப் புகை விடவில்லை. அவர்களைத்தான் கவனக்குறைவு என்று சொல்ல வேண்டும்.

அக்கா வீட்டுக்காரர் வைத்திலிங்கம் மாமாவுக்குச் சிதம்பரத்தில் பெயின்ட் கடை. பெயின்ட் கடைக்காரர்களுக்கு உலகத்தில் எது அழுக்கானாலும் தின்னர்தான் மருந்து. பழைய கார் ஒன்று வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளில் விளக்கு எரிந்தது. நான் புதுச் சென்சார் போட்டுக் கொடுத்தேன். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று அவராகவே அதைக் கழற்றித் தின்னர் டப்பாவில் ஊறப்போட்டுத் துடைத்து மாட்டினார். மறுபடி விளக்கு. மறுபடி நான் புதுசு போட்டேன், மறுபடி அவர் தின்னரில் போட்டார். சொன்னால் சிரிப்பார்.

"ஒங்க ஆளுங்க பொழைக்கறதுக்குன்னே கம்பெனிக்காரன் வச்ச லைட்டுய்யா அது. எந்த வண்டிலதான் மச்சான் எரியல?"

கடைசியில் விளக்கின் மேல் ஒரு சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது நடப்பதுதான். என்னிடம் வருகிற கார்களில் பாதிக்கு அந்த இடத்தில் ஏதாவது ஒரு சாமி இருக்கும். நான் உரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். மாமாவின் வண்டியில் பிள்ளையாருக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் குறைந்தால் தொந்தி மட்டும் மஞ்சளாகத் தெரியும். "எங்க பிள்ளையாருக்குக் கம்பெனியே சீரியல் செட்டு போட்டுக் குடுத்திருக்கான்" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். எச்சரிக்கையை மூடி வைக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. அது என் குணம்.

அக்காவிடம் சொன்னேன். "மாமா சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றாள்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. எனக்கு அவள் மேல் உயிர். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சின்ன வயதில் நான் எது சொன்னாலும் நம்புவாள். பத்தாவது ரிசல்ட் வந்த அன்று பேப்பரில் என் நம்பரை மட்டும் அச்சடிக்க மறந்துவிட்டார்கள் என்று சொன்னேன். பேப்பர் போடுகிறவரை வழிமறித்துச் சண்டை போட்டாள். அப்படிப்பட்டவள், கல்யாணமாகி சிதம்பரம் போனதிலிருந்து எதற்கெடுத்தாலும் மாமா சொன்னா, மாமா சொன்னா என்று ஆரம்பித்துவிட்டாள்.

இந்த வருடம் தை மாதம் அவர்கள் புது வீடு குடிபோனார்கள். பந்தியில் என் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மாமா என்னை அறிமுகம் செய்துவைத்தார்.

"இவரு என் மச்சான். கடலூர்ல காருக்குப் பின்னாடி கொழாய வுட்டு வைத்தியம் பாக்குற டாக்டரு. ஜொரமே இல்லாத வண்டிக்கும் மாத்திர எழுதுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை, சிரிக்கிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள். அக்கா சாம்பார் வாளியோடு எதிரில் நின்றாள். அவளும் சிரித்தாள். வாளி குலுங்கி என் இலையில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். பாதியில் எழுந்திருப்பது மரியாதை இல்லை என்று முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். வடை நன்றாக இருந்தது.

வைகாசியில் மாமாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். அதற்கு முதல் நாள் கடலூரில் ஏதோ வாங்க வந்த மாமா வண்டியைப் பட்டறையில் விட்டார். வண்டி திக்குகிறது என்றார்.

"அந்தச் சனியனக் கழட்டிப் போட்டுட்டு ஒரு போல்ட்ட வச்சு அடச்சுடு மச்சான். சென்சாராம் சென்சாரு."

அவர் கேட்டதைத்தான் செய்தேன். சென்சாரைக் கழற்றினேன், துளையில் போல்ட்டை வைத்தேன். ஸ்பேனர் போட்டு இறுக்கவில்லை. கையால் முறுக்கியதோடு விட்டுவிட்டேன். இதைத்தான் அவர்கள் கவனக்குறைவு என்கிறார்கள். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது, ஐயா. அதைத் துடைத்து அதன் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வண்டிச் சாவியைக் கொடுத்தேன். ஆலப்பாக்கம் தாண்டி ரோடு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் போல்ட் உதிர்ந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அந்த வண்டியில் ஏசி உள்ளே காற்று இழுக்கிற வழியும் அந்தத் துளைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மாமா ஓட்டும்போது கண்ணாடியை இறக்கி, சிகரெட்டைப் பற்றவைத்து, பாட்டை அலறவிட்டு ஓட்டுவார். ஓடுகிற வண்டியில் அவருக்கு ஒன்றும் ஆகாது. நின்ற வண்டியில்தான் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் காருக்கு வந்து, கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசியைப் போட்டு, சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லும்வரை அக்கா உள்ளே பேசிக்கொண்டிருப்பாள். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும்.

அவருக்குத் தலைவலி வரும், வாந்தி வரும், விளக்கின் அருமை அப்போது புரியும், அக்காவுக்கும் புரியும். எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் மூடிய இடத்தில் அந்தப் புகை ஒரு ஆளை என்ன செய்யும் என்பதைப் புகைப் பரிசோதனைப் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தந்துவிடுவார்கள். நான் அன்றைக்கு முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பட்டறையில் வேலை இருந்தது. மதியம் மண்டபத்தில் கரண்ட் போய்விட்டதாம். இப்போது கரண்ட் போகாத ஊர் எது? ஜெனரேட்டர் மேடைக்கும் வீடியோக்காரருக்குமே சரியாக இருந்ததாம். அக்காவுக்குப் பிரஷர் உண்டு. வியர்த்துக் கொட்டியதும், மாமா அவளைக் கூட்டிவந்து தன் காரில் உட்காரவைத்து, ஏசியைப் போட்டுவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். மின்வெட்டுக்கு நான் பொறுப்பில்லை.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமாவுக்கு வைத்தது தெரியாமல் அக்காவுக்குப் போய்விட்டது என்று நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். ஆனால் அன்று மதியம் அக்கா எனக்குப் போன் செய்ததைப் பற்றி உங்கள் ஆள் வந்து கேட்டபோது, சும்மா நலம் விசாரித்தாள் என்று சொல்லிவிட்டேன். அது சரியில்லை.

ஒரு காரின் குழாயில் கம்பியை விட்டு மீட்டர் ஒரு நிலைக்கு வருவதற்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் போன் வந்தது.

"கொளஞ்சி, வண்டிலதான்டா ஒக்காந்திருக்கேன். ஒரு மாதிரி பொக வாசன அடிக்குது. நீ எப்பவும் சொல்லுவல்ல, லைட்டப் பாக்கணும்னு. பிள்ளையார உரிக்கறதுக்கு மனசே வரல. கன்னத்துல போட்டுகிட்டு உரிச்சுட்டேன். லைட்டு எரியலடா. அப்ப ஒண்ணும் பயமில்லல்ல?"

விளக்கு எரியாது. சென்சாரைக் கழற்றினால் அது எரிந்தே தீர வேண்டும். அதனால் முதல் நாளே டேஷ்போர்டைப் பிரித்துப் பல்பை எடுத்துவிட்டேன். மாமா தற்செயலாக ஸ்டிக்கரை உரித்துப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? தொந்தி இருண்டிருந்தால் வண்டி சரியாகிவிட்டது என்றுதான் நினைப்பார். பல்பு என் மேசை டிராயரில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

இறங்கி வெளியே போ என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பேசினாள்.

"ஒங்க மாமா கிண்டல் பண்ணிட்டுப் போறாருடா. ஒன் தம்பி பாத்த வண்டில்ல, அப்படித்தான் நாறும்ங்கறாரு. கண்ணாடிய எறக்கட்டுமா?"

என் கையால் பார்த்த வண்டி சரியில்லை என்று அவளிடம் நானே எப்படிச் சொல்வது? மாமா அதை மண்டபம் முழுக்கச் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

"வேணாங்க்கா. கொழாயில புதுசா பேஸ்ட் போட்டிருக்கேன், சூட்டுக்கு வாசன வரும், போயிடும். ஏசி ஓடறப்ப கண்ணாடிய எறக்கக் கூடாது. செத்த கண்ண மூடிப் படு."

"சரிடா," என்றாள். "நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். மீட்டர் ஒரு நிலைக்கு வந்து நின்றிருந்தது. அந்தக் காருக்குச் சர்டிபிகேட் கொடுத்து அனுப்பினேன். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சாவு வீட்டில் மாமா ஒவ்வொருவராகப் பிடித்து இதையே சொல்லி அழுதார். நடுவில் ஒரு தடவை வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாராம். "வாசன ஜாஸ்தியா இருக்குது, எறங்கி வந்துடு மங்கலம்" என்றாராம். அக்கா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, எந்தம்பி சொல்லிட்டான், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாளாம். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல முழுவதையும் கேட்டேன். புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் மறுபடி கேட்டேன்.

எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை, அக்கா அல்லவா. கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள், ஐயா. மாமா சொன்னதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அவர் ஒன்று சொல்லி நான் ஒன்று சொல்லி, அக்கா என் பேச்சை எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.