அசையாத தாள்

"இன்னொரு தடவை சொல்லு" என்று ரூக்ஸாரின் உதட்டுக்கு முன்னால் துண்டுத்தாளைப் பிடித்தேன். மடிக்கணினியில் நேர்காணல் தொடங்கவிருந்தது. செய்யாறு பக்கம் ஒரு கொரியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை. சொன்னாள். தாள் அசையவில்லை.

"சரியா டீச்சர்?"

"சரியாத்தான் இருக்கு."

இளஞ்செழியன் சார், வேங்கிக்காலில் இந்தக் கொரிய மொழி வகுப்பை நடத்துபவர் நீங்கள்; பாடம் எடுப்பது நான். இவ்வளவு நல்ல மாணவி எப்படித் தோற்றாள் என்று கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

கொரிய மொழியில் க, த, ப வரிசையில் மூச்சுத் தெறிக்கும் ஓசைகள் தனியாக உண்டு. சரியாகச் சொன்னால் வாய்முன் பிடித்த தாள் படபடக்கும். தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவர்களுக்கு அது லேசில் வராது. ரூக்ஸார் வீட்டில் உருது. முதல் நாளே தாள் பறந்தது.

"ஃபேனை நிறுத்துங்க டீச்சர், இவளே போதும்" என்றான் மாறன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாலையில் அவளைத் தனியாக அழைத்தேன். "மத்தவங்களுக்குக் காத்து பத்தல. உனக்கு ஜாஸ்தி. உருதுப் பழக்கம்மா அது. தாளே அசையாத அளவுக்கு அடக்கு."

நம்பினாள். தினமும் அடக்கினாள்.

ஒரு பௌர்ணமியன்று அவள் அம்மா ரஹமத்துன்னிசா வந்தார். ஆட்டோவை உள்ளே விடவில்லையாம். கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்தே வந்திருந்தார்.

"வீட்ல உருதுவே பேச மாட்டேங்குறா டீச்சர். என்கிட்டகூட தமிழ்தான். நல்லதுக்குத்தானே?"

"நல்லதுக்குத்தாங்க."

அவர் கொடுத்த சமோசாவைச் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது.

நேர்காணலில் திரையிலிருந்த பெரியவர் பொறுமையாகத்தான் கேட்டார். திரும்பச் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு தலைகுனிந்து வணங்கி விடைபெற்றார்.

ரூக்ஸார் அழவில்லை. "நான்தான் இன்னும் சரியா அடக்கல போல. உங்க பேரைக் கெடுத்துட்டேன் டீச்சர்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

சின்னப் பெண், தெரியாத ஊரில் தனியாகக் கிடந்து கஷ்டப்படக்கூடாது என்றுதான் செய்ததாக இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படியில்லை சார். அவள் வகுப்பில் சேர்வதற்கு முந்தைய வாரம், உங்களிடம் மறைத்துவிட்டு, அதே தொழிற்சாலையில் இதே மாதிரி வேலைக்கு அதே பெரியவர் முன்னால் நான் உட்கார்ந்தேன். என் பேச்சில் மூச்சே இல்லை என்று சொல்லித்தான் என்னை வேண்டாம் என்றார்.