மூடியைத் திறக்காமல் நாலு மணி நேரம்

மாமியார்: ...தோல் சீவாதீங்க மாப்பிள்ளை. இத்தனூண்டு உருளைக்கிழங்குக்கு யாராவது தோல் சீவுவாங்களா?

மருமகன்: விருந்தாளிக்குத் தோலோட எப்படி அத்தை வைக்கறது?

மாமியார்: தோல்லதான் ருசியே. மண் போகக் கழுவி, ரெண்டா வெட்டிப் போட்டா முடிஞ்சுது. எத்தனை சீவிட்டீங்க?

மருமகன்: ஏழு.

மாமியார்: சரி, ஏழு பேர் மொட்டை. மிச்சப் பேரையாவது விட்டு வைங்க.

மருமகன்: இந்தப் புத்தகத்துல சீவணும்னு போட்டிருக்கே.

மாமியார்: எந்தப் புத்தகம்... கொண்டாங்க பார்ப்போம். இது அந்த ஸ்லோ குக்கரோட வந்ததுல்ல?

மருமகன்: ஆமா. பெட்டிக்குள்ளயே இருந்துச்சு.

மாமியார்: பரண்ல இருந்து நீங்களா இறக்கினீங்க?

மருமகன்: காலையில. நீங்க குளிக்கப் போனப்ப.

மாமியார்: ...நாலு வருஷம் ஆச்சு அது மேல ஏறி.

மருமகன்: ரெண்டு தடவை கழுவிட்டேன். உள்ள இருக்கற பீங்கான் பாத்திரம் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடி மூடியிலதான் ஓரத்துல ஒரு சில்லு பேந்திருக்கு.

மாமியார்: அது உங்க பொண்டாட்டி கைவண்ணம். நைட் டியூட்டி முடிச்சு வந்து, பாதித் தூக்கத்துல குழாய்ல இடிச்சுட்டா. போன்ல என்கிட்ட சொல்லிச் சிரிச்சா.

மருமகன்: என்கிட்ட, வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னா.

மாமியார்: உங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவா. ...வார்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் இதுக்குள்ள தள்ளிட்டுப் போயிடுவா. திரும்பி வரும்போது வெந்திருக்கும். 'அம்மா, எனக்கொரு சமையல்காரி கிடைச்சிருக்கா, எதிர்த்தே பேச மாட்டா'ன்னு என்னைக் குத்திக் காட்டுவா.

மருமகன்: உங்களுக்குச் சங்கடமா இருந்தா எடுத்து வச்சிடறேன் அத்தை. அடுப்புலயே செஞ்சுக்கலாம்.

மாமியார்: அடுப்புல வச்சா போன் வரும், நீங்க பேசப் போயிடுவீங்க, கிழங்கு கரியாயிடும். இதுவே இருக்கட்டும். பூண்டை இப்படி நகர்த்துங்க, நான் உரிக்கறேன். நீங்க வெங்காயத்தை நறுக்குங்க. நீளமா.

மருமகன்: இப்படியா?

மாமியார்: இது வெங்காயமா, விறகா?

மருமகன்: லிஃப்ட் ரிப்பேர் பண்ற கை அத்தை. இரும்புக் கயிறு வெட்டியே பழக்கம்.

மாமியார்: போகட்டும், அடியிலதானே கிடக்கப் போகுது. நல்லாப் பரப்புங்க. வெங்காயம் அடியில இருந்தாத்தான் கிழங்கு ஒட்டாது. அதுக்கு மேல கிழங்கு. வெட்டின பக்கம் கீழ... ஆங், அப்படித்தான். பூண்டை நசுக்காம முழுசாப் போடுங்க. வெந்தா தானாக் கரைஞ்சுடும்.

மருமகன்: வெண்ணெய்?

மாமியார்: அங்கங்க நாலஞ்சு துண்டு. உப்பு. மிளகுப் பொடி தாராளமா... அது தாராளம் இல்ல மாப்பிள்ளை, அது பயம்.

மருமகன்: காரம் ஆகாதோ என்னமோன்னு...

மாமியார்: ஆபீஸ் ஆளுன்னுதானே சொன்னீங்க. அவர் வயித்தைப் பத்தி இவ்வளவு கவலையா?

மருமகன்: பொதுவாச் சொன்னேன்.

மாமியார்: கால் டம்ளர் தண்ணி ஊத்துங்க. போதும், வெங்காயமே தண்ணி விடும். மூடுங்க. குமிழை 'அதிகம்'ல திருப்புங்க. இப்ப மணி எட்டு. பன்னெண்டு மணி வரைக்கும் அது பாட்டுக்கு வேகும்.

மருமகன்: நடுவுல கிளற வேண்டாமா?

மாமியார்: பக்கத்துலயே போகக் கூடாது. ஒரு தடவை மூடியைத் திறந்தா உள்ள இருக்கற சூடெல்லாம் போயிடும். மறுபடி ஏறறதுக்கு அரை மணி நேரம். ...என்ன பண்றீங்க?

மருமகன்: சூடாகுதான்னு...

மாமியார்: வச்சு ஒரு நிமிஷம் ஆகல. கையை எடுத்துட்டு வந்து உட்காருங்க. எத்தனை பேர் வர்றாங்க?

மருமகன்: ஒருத்தர்தான்.

மாமியார்: ஒருத்தருக்கு ஒன்றரைக் கிலோவா?

மருமகன்: நம்ம ரெண்டு பேரும் இருக்கோம்ல.

மாமியார்: ஜன்னல் திரையெல்லாம் வேற துவைச்சுப் போட்டிருக்கீங்க. அந்த ஆபீஸ் ஆளு திரையைப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிடுவாரா?

மருமகன்: அழுக்கா இருந்துச்சு அத்தை.

மாமியார்: ரொம்ப நாளா அழுக்காத்தான் இருந்துச்சு. ...சரி, நான் கேக்கல.

மருமகன்: நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

மாமியார்: கேளுங்க.

மருமகன்: நேத்து சின்னத்தை போன் பண்ணாங்க.

மாமியார்: என் தங்கச்சியா? உங்களுக்கா?

மருமகன்: நீங்க போனை எடுக்கலையாம். பெயிண்ட் அடிக்க ஆள் வந்து நிக்கறாராம். பின்பக்க ரூமுக்குப் பச்சையா, நீலமா, அக்காவுக்கு எது பிடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்கன்னாங்க. அவங்க வீட்டு ரூமுக்கு நீங்க எதுக்குக் கலர் சொல்லணும்னு கேட்டேன். 'இன்னும் உங்ககிட்ட சொல்லலையா'ன்னு இழுத்தாங்க. டக்குனு வச்சுட்டாங்க.

மாமியார்: அவ வாயில எதுவும் நிக்காது.

மருமகன்: உங்க கட்டிலுக்கு அடியில ரெண்டு பெட்டி கட்டி வச்சிருக்கு. அதையும் பார்த்தேன்.

மாமியார்: பெருக்கறேன்னு உள்ள போனீங்களே, அப்பவா?

மருமகன்: எப்பப் போறதா இருந்தீங்க?

மாமியார்: மாசக் கடைசியில. ...சொல்லாமப் போயிட மாட்டேன்.

மருமகன்: நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா அத்தை?

மாமியார்: என்ன பேச்சு இது. பெத்த பிள்ளை இருந்தாக்கூட என்னை இப்படிப் பார்த்திருக்காது. அதுதான் உறுத்துது மாப்பிள்ளை. என் பொண்ணு இருந்த வரைக்கும் நான் உங்களுக்கு அத்தை. அவ போனதுக்கப்புறம் இந்த வீட்ல நான் இருக்க என்ன முறை? ஒரு பேரப்பிள்ளை இருந்தாலும் அதைச் சாக்காச் சொல்லலாம். அதுவும் இல்ல. ஒரு மாசம் இருந்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். நீங்க மூணு வேளையும் தட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. எப்படி விட்டுட்டுப் போறதுன்னு தள்ளிப் போட்டேன். அது நாலு வருஷம் ஆயிடுச்சு.

மருமகன்: இப்ப மட்டும் விட்டுட்டுப் போகலாமா?

மாமியார்: இப்பத்தான் பார்த்துக்க ஆள் வருதே. பன்னெண்டரைக்கு.

மருமகன்: எந்த ஆளு அத்தை?

மாமியார்: பிசியோ மேடம்தானே?

மருமகன்: ...யார் சொன்னா?

மாமியார்: முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில உட்கார்ந்தவ நான். ஒரு ஆள் ஹலோ சொல்ற விதத்தை வச்சே, அந்தப் பக்கம் மேலதிகாரியா, மச்சானா, மனசுக்குப் பிடிச்சவங்களான்னு சொல்லிடுவேன். லிஃப்ட் நின்னுபோச்சுன்னு போன் வந்தா உங்களுக்கு ஒரு குரல். மாடிப்படியில போய் நின்னு பேசறீங்களே, அது வேற குரல்.

மருமகன்: பேசறது உள்ள வரைக்கும் கேக்குதா?

மாமியார்: வார்த்தை கேக்காது. குரல் கேக்கும். ஆனா அதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம். போன வருஷம் நான் விழுந்து முட்டியில ஆபரேஷன் ஆச்சுல்ல, அதுக்கப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை என்னைப் பயிற்சிக்கு அவங்ககிட்ட கூட்டிட்டுப் போறீங்க. ஒரு நாள் அவங்க உங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாங்க. காபி வாசனையே ஆகாத மனுஷன், கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சீங்க. அதுவும் சர்க்கரை இல்லாம.

மருமகன்: வேண்டாம்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு.

மாமியார்: நான் நீட்டினா மட்டும் பட்டுனு வேண்டாம்னு சொல்லுவீங்க.

மருமகன்: எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் அத்தை... வேற யார்கிட்ட வேணாலும் சொல்லிடலாம். அவளைப் பெத்தவங்ககிட்ட...

மாமியார்: அதான் ஆபீஸ் ஆளாக்கும்.

மருமகன்: சாப்பிட்டு முடிச்சதும் அவங்க முன்னாடியே சொல்லலாம்னு இருந்தேன்.

மாமியார்: கேட்டுட்டு நான் அழுவேன்னு பயந்தீங்களா?

மருமகன்: நான் அழுதுடுவேனோன்னு பயந்தேன்.

மாமியார்: ...போய்க் குளிங்க. அந்த நீலச் சட்டையைப் போடுங்க, காலர் கிழியாதது. கிழங்கை நான் பார்த்துக்கறேன்.

*

மாமியார்: மணி பன்னெண்டு. இப்பத் திறக்கலாம். முள்கரண்டியால ஒண்ணைக் குத்திப் பாருங்க.

மருமகன்: வழுக்கிக்கிட்டுப் போகுது.

மாமியார்: அப்பச் சரி. அரை டம்ளர் பால் ஊத்துங்க, துருவின சீஸை மேலாகத் தூவுங்க. கிளறிடாதீங்க. மூடி இருபது நிமிஷம் விட்டாப் போதும்.

மருமகன்: அவ செய்யும்போதும் இதே வாசனைதான் அத்தை.

மாமியார்: பின்ன? அவ போன்ல சொல்லுவா, நான் இந்தப் பக்கம் எழுதி வச்சுக்குவேன். பூண்டை நசுக்காதே, மூடியைத் தொடாதே, எல்லாம் அவ சொன்னதுதான். நான் செஞ்சது இன்னிக்குத்தான் முதல் தடவை.

மருமகன்: ...எனக்குத் தெரியாது.

மாமியார்: அதை விடுங்க. யார் முதல்ல கேட்டது? நீங்களா, அவங்களா?

மருமகன்: அவங்கதான். அவங்க கிளினிக் இருக்கற கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சே, ஞாபகம் இருக்கா?

மாமியார்: மூணு மாசம் முன்னாடி. உள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு நீங்க ஓடினீங்க.

மருமகன்: அவங்கதான் மாட்டிக்கிட்டாங்க. கரண்ட் வர்ற வழியா இல்ல. கையாலயே கொஞ்சம் கொஞ்சமா இறக்க நாற்பது நிமிஷம் ஆச்சு. பயப்படாம இருக்கட்டும்னு கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து பேசிக்கிட்டே இருந்தேன். என் வேலையைப் பத்தி, அவளைப் பத்தி, உங்களைப் பத்தி. அவங்களும் அவங்க அப்பாவை ஒன்பது வருஷம் படுக்கையில வச்சுப் பார்த்த கதையைச் சொன்னாங்க. கடைசியில, 'கதவு திறந்ததுக்கப்புறமும் இப்படியே பேசுவீங்களா'ன்னு கேட்டாங்க.

மாமியார்: நீங்க என்ன சொன்னீங்க?

மருமகன்: 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, திறக்கறேன்'னு சொன்னேன்.

மாமியார்: உங்களைக் கட்டிக்கிட்டு என் பொண்ணு என்ன பாடு பட்டாளோ. அன்னிக்கு நான் அந்தப் பயிற்சி சைக்கிள்ல உட்கார்ந்து மிதிச்சுக்கிட்டே இருந்தேன். நிறுத்தச் சொல்ல ஆளே வரல.

மருமகன்: நாற்பது நிமிஷமுமா?

மாமியார்: ...நடுவுல நிறுத்தியிருப்பேன்.

மருமகன்: அத்தை, சின்னத்தை சொன்னதை நேத்து அவங்ககிட்டயும் சொன்னேன்.

மாமியார்: எதுக்கு? வாழ வர்ற பொண்ணு மனசை ஏன் கலைக்கறீங்க?

மருமகன்: சொல்லாம இருக்க முடியல. முழுசாக் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க... 'நான் தனியா இருந்து பழகிட்டேன், இன்னும் பத்து வருஷம் வேணாலும் இருந்துக்குவேன். ஆனா அந்த அம்மா பெட்டியைத் தூக்கிட்டு வெளிய போற வாசல் வழியா என்னால உள்ள வர முடியாது'ன்னு.

மாமியார்: அப்படியா சொன்னாங்க?

மருமகன்: ஒரு வார்த்தை மாறாம. முறை என்னன்னு கேட்டீங்கல்ல காலையில. குளிக்கும்போது அதையேதான் யோசிச்சேன். எனக்குச் சொல்லத் தெரியல. வேலை முடிஞ்சு வரும்போது தெருமுனையில நின்னு நம்ம வீட்ல லைட் எரியுதான்னு பார்ப்பேன். எரியும். அந்த லைட்டைப் போட்டு வைக்கறவங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடணுமோ, அந்த முறை.

மாமியார்: வெங்காயம் நறுக்கத் தெரியல, இதெல்லாம் பேச மட்டும் தெரியுது.

மருமகன்: பெட்டியைப் பிரிச்சு அடுக்கவா?

மாமியார்: என் சேலையை நானே அடுக்கிக்கறேன். தங்கச்சிக்குப் போன் போட்டு, உனக்குப் பிடிச்ச கலரையே அடிச்சுக்கோன்னு சொல்லிடறேன்.

மருமகன்: அழறீங்களா, சிரிக்கறீங்களா?

மாமியார்: மிளகு. ...மாப்பிள்ளை, அவங்க வர்றதுக்கு முன்னாடி நானும் ஒண்ணைச் சொல்லிடறேன். இதை மனசுல வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு முகத்தை என்னால நேராப் பார்க்க முடியாது.

மருமகன்: சொல்லுங்க.

மாமியார்: என் முட்டி வலி எப்பவோ போயிடுச்சு.

மருமகன்: எப்பலேர்ந்து அத்தை?

மாமியார்: பத்து மாசம் இருக்கும். நீங்க வேலைக்குப் போனதும் மாடிப்படியில ரெண்டு தடவை ஏறி இறங்குவேன். உங்க தலையைக் கண்டாத்தான் நொண்டுவேன். என்ன பண்றது? வாரம் பூரா வாயைத் திறக்காத மனுஷன், சனிக்கிழமை அங்க போனா நாலு வார்த்தை பேசறீங்க. ஒரு நாள் சத்தமாவே சிரிச்சீங்க. வலி இல்லைன்னு சொன்னா அங்க போறது நின்னுடும். அதான் சொல்லல. ஏமாத்தினதுதான்... தப்புன்னா மன்னிச்சுக்குங்க.

மருமகன்: முட்டி நல்லா ஆயிடுச்சு, இனி கூட்டிட்டு வர வேண்டாம்னு மூணாவது மாசமே அவங்க என்கிட்ட சொல்லிட்டாங்க அத்தை. நான்தான் கேட்டுக்கிட்டேன்... 'அத்தைக்குத் தெரிய வேண்டாம், வரச் சொல்லிக்கிட்டே இருங்க. வாரத்துல இந்த ஒரு நாள்தான் அவங்க நல்ல சேலை கட்டிக்கிட்டு வீட்டை விட்டு வெளிய வர்றாங்க'ன்னு. நானும் அவங்களும் முதன்முதலா நின்னு பேசினதே அதைப் பத்தித்தான்.