ஐப்பசியில் திறந்த சோடாக் கம்பெனி

குற்றாலிங்கத்தப் பத்தியா கேக்கீக? அப்ப அங்கன எதுக்கு நிக்கீக, இங்கன வந்து உக்காருங்க அண்ணாச்சி. கல்லாவுல இருக்கவர்கிட்ட கேட்டா, தங்கமான பையன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டுத் துட்ட எண்ணப் போயிருவாரு. நான் விவரமாச் சொல்லுதேன். பொண்ணுக்குத் தாய்மாமனா? அம்பாசமுத்திரமா? முத்துமீனாளா பேரு. நல்ல பேரு. மாப்பிள்ள விசாரிக்கன்னே பஸ் ஏறி வந்திருக்கீக, வெறும் வயித்தோட போகக்கூடாது. வே பிச்சையா, அண்ணாச்சிக்கு ஒரு காப்பி கொண்டாரும், சீனி தூக்கலா.

எனக்கு அவன எப்படித் தெரியுமா? சரியாப் போச்சு. ஒரே பெஞ்சுல படிச்சோம். அவனுக்குப் பல்லு வலிச்சா எனக்கு ராத்திரி தூக்கம் கிடையாது, அவ்வளவு பழக்கம்.

ஆளு கெட்டவன் இல்ல. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே கோளாறு, புத்தி ஒரு எடத்துல நிக்காது. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியார் ஒருத்தர் இருந்தாரு, பாளையங்கோட்டைக்காரர். இவன் பரீச்சையில சரியான விடையத்தான் மொதல்ல எழுதுவான். அப்புறம் சந்தேகம் வந்து, அத அடிச்சிட்டுத் தப்பா ஒண்ண எழுதி, அதுக்குக் கீழ கோடும் போட்டு வைப்பான். வாத்தியார் பேப்பரத் தூக்கிக் காட்டி, ஃபிக்கிள் மைண்டட் ஃபெலோன்னாரு. சஞ்சலபுத்திக்காரன்னு அர்த்தம். இவனுக்கு வெக்கம் வரணுமில்லா? இங்கிலீஷ்ல ஒரு பேரு கெடச்சுதேன்னு வீட்டுல போயிப் பெருமையாச் சொல்லியிருக்கான். அவங்கம்மா நெல்லையம்மாளும் ஏதோ பட்டம்னு நெனச்சு அன்னைக்குப் பாயசம் வச்சாக.

படிப்பு முடிஞ்சதும் மொளகா வத்தல் வியாபாரம். வெல ஏறும்னு மூட மூடயா வாங்கிப் போட்டான். ஏறத்தான் செஞ்சுது. ஆனா வியாழக்கிழம பயந்துபோயி அத்தனையும் தள்ளி விட்டுட்டான், வெள்ளிக்கிழம ஏறுது. விருதுநகர் ஏஜெண்டு ஒருத்தர், கோட்டு போட்டவரு, இவன் முதுகுல தட்டி, ஹார்டு லக்கு, பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்னாரு. பந்து வெளையாட்டுல தோத்தவனுக்கு வெள்ளக்காரன் சொல்லுத ஆறுதலு, அடுத்த தடவ நல்லா வரும்னு. வாய் உபசாரம், அவ்வளவுதான். இவன் என்ன செஞ்சான் தெரியுமா? கோட்டு போட்ட மனுசன் விசயம் இல்லாமயா சொல்லுவாருன்னு, மறுமாசமே அடுத்த தடவைக்கு எறங்கிட்டான்.

அதான் சோடாக் கம்பெனி. மதுரையிலேர்ந்து மிஷினு வந்துது, கோலிக்குண்டு பாட்டலு வந்துது. தொறந்தது ஐப்பசி மாசம். ஊரே துப்பட்டியப் போத்திக்கிட்டு சுக்குக் காப்பிக்கு அலையுது, இவன் கட வாசல்ல நின்னு கலர் வேணுமா கலர்னு கேக்கான். மழ விட்ட பாடில்ல. தை மாசம் வந்த வெலைக்கு அதத் தங்கப்பழம்னு ஒருத்தன்கிட்ட ஒப்படச்சான். பங்குனி வெயிலு வந்துது பாருங்க, சனம் சோடாவுக்கு அடிச்சுக்கிடுது. தங்கப்பழம் இப்ப மச்சு வீடு கட்டிட்டான். தாலுகாபீஸ் கிளார்க்கு ஒருத்தர் இவனத் தேத்துதாரு, லேடி லக்கு யார்கிட்டயும் நெலச்சு நிக்க மாட்டாடேன்னு. அதிர்ஷ்டத்த அவங்க பொம்பளையா வச்சிருக்காங்களாம், இன்னைக்கு இவன்கூட, நாளைக்கு அடுத்தவன்கூட. எனக்கு அதக் கேட்டுக் கோவமே வந்துட்டு. பாவம், அவ என்ன செஞ்சா? ஐப்பசியில சோடாக் கம்பெனி தொறன்னு அவளா சொன்னா?

இன்னும் இருக்கு, கேளுங்க. மில்லு வேலைன்னு மதுரைக்குப் பஸ் ஏறினவன், ராஜபாளையத்துலயே எறங்கி மறுபஸ்ல திரும்பி வந்துட்டான். சகுனம் சரியில்லையாம். சகுனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, பயம். தூத்துக்குடியில வேல பாத்த அவன் பெரியப்பா அன்னையிலேர்ந்து வெதர்காக்குன்னுதான் கூப்பிடுதாரு. சர்ச்சு உச்சியில தகரத்துல ஒரு சேவல் வச்சிருப்பாங்களாம், காத்து அடிக்கிற பக்கமாத் திரும்பிக்கிடும். அந்தச் சேவலாச்சும் தேவல, காத்து அடிச்சாத்தான திரும்பும். இவன் காத்தே இல்லாமத் திரும்புவான். வெள்ளக்காரன் நாட்ட விட்டே போயிட்டான், அவன் பாஷையில இவனுக்கு வச்ச பேரு மட்டும் போகல.

இப்பவா? இப்ப பருத்தி அரவையில எட போடுத எடத்துல நிக்கான். சித்திரையிலேர்ந்து. அவனுக்கு அது ரொம்ப காலம்.

என்ன, நான் சொல்லுததும் மத்தவங்க சொன்னதும் ஒத்து வரலியா? எப்படி வரும். பூக்கடையில கேட்டீகளா? தங்கமான பையன். அரிசி மில்லுல? தங்கமான பையன். எல்லாரும் எப்படி ஒரே வார்த்தையச் சொல்லுதாங்கன்னு உங்களுக்குத் தோணலியா அண்ணாச்சி? நீங்க வாரீகன்னு தாக்கல் வந்ததுமே எங்கம்மா ரதவீதி பூரா நடந்து எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டாக. இந்தப் பிச்சையாகிட்டயும் சொல்லியாச்சு, அதான் நான் பேசப் பேச அங்கன நின்னு கண்ணக் காட்டுதான்.

ஆமா, நான்தான் அந்தக் குற்றாலிங்கம். பாத்து, காப்பி சிந்திராம.

கோவிச்சுக்கிடாதீக. எனக்கு ஏற்கெனவே வாசுதேவநல்லூர்ல ஒரு எடம் நிச்சயமாச்சு. அவங்களும் வந்து விசாரிச்சாங்க, ஊரும் தங்கம்னுச்சு. தாம்பூலம் மாத்தின பொறகு யாரோ உள்ளதச் சொல்ல, தட்டத் திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகல, ஏற்கெனவே இருக்க பேரோட இன்னொண்ணு. அந்தப் பிள்ளைக்குத்தான் நிச்சயம் முறிஞ்ச பொண்ணுன்னு பேராயி, இன்னும் ஒருத்தரும் அவங்க வீட்டுப்படி ஏறலியாம். அத நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு. உங்க மருமகளுக்கு அப்படி ஆகக்கூடாது. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, வெளிய ஒருத்தருக்கும் தெரியாது.

இதுலயும் மனசு மாறுவேனான்னா? கேக்க வேண்டியதுதான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு உங்க வீட்டோட உங்க மருமக இங்கன வந்திருந்தப்பவே பாத்தேன் அண்ணாச்சி. அன்னையிலேர்ந்து இந்த ஒரு விசயத்துல மட்டும் மனசு அசையல, எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு. இந்தச் சம்பந்தம் அமையணும்னு ரொம்ப ஆசப்படுதேன். அதனாலதான் நீங்க வருவீகன்னு இங்கன வந்து உக்காந்திருந்தேன்.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. ஊருக்குப் போயி, விசாரிச்சேன், தங்கமான பையன்னு சொல்லிராதீக. உங்க மருமகள எதுக்க உக்கார வச்சு, நான் சொன்னத ஒண்ணு விடாமச் சொல்லுங்க. கேட்டுட்டு அது சிரிச்சுதுன்னா ஒரு ஆள் விடுங்க, அம்மாவக் கூட்டிக்கிட்டு வாரேன். சிரிக்கலேன்னா வேண்டாம். சிரிக்கத் தெரியாத பிள்ள என்கூட எப்படிக் காலந்தள்ளும், நீங்களே சொல்லுங்க.