பேர் எழுதாத விடை

சுலோசனா: அம்சா... இப்படிக் கிட்ட வாயேன்டி. உனக்கு ஒரு கதை சொல்றேன்.

அம்சவள்ளி: கதையா? காலங்காத்தால உப்பளத்துக்கு வந்து கதை சொல்ற ஆளு நீ ஒருத்திதான். ரிப்பன் என்னா, புதுப் பாவாடை என்னா... கடலூர் பஸ்ஸு எத்தினி மணிக்கு?

சுலோசனா: எட்டரைக்கு. கண்ணாயிரம் சார் மரக்காணம் ஸ்டாண்டுல நிக்கிறாரு. அதுக்குள்ள சொல்லிடணும்.

அம்சவள்ளி: சொல்லு. நான் உப்பு வாரிக்கிட்டேதான் கேப்பேன். மேஸ்திரி பாத்தா கத்துவான்.

சுலோசனா: ஒரு ஊர்ல ரெண்டு பொண்ணுங்க. எட்டாங்கிளாஸு. சார் போர்டுல ஒரு செஸ் புதிர் போட்டாரு. வெள்ளைக்காரன் ரெண்டே நகர்த்தல்ல கறுப்பு ராஜாவை மடக்கணும்...

அம்சவள்ளி: வெள்ளைக்காரனா!

சுலோசனா: வெள்ளைக் காய்டி... குறுக்க பேசாத. திங்கக்கிழமை சரியா எழுதிக் குடுக்கிற ஒருத்தரை ஜில்லா போட்டிக்குக் கூட்டிட்டுப் போவேன்னாரு.

அம்சவள்ளி: ஓ, அந்தக் கதையா. அதுல ஒருத்தி உப்புக்கட்டியை வெள்ளைக் காயா வெச்சு, களிமண் உருண்டையைக் கறுப்பா வெச்சு, வரப்புலயே ஆடுவாளே?

சுலோசனா: அவளேதான். ஞாயித்துக்கிழமையே கண்டுபுடிச்சிட்டா. ராணியை வெட்டுக் குடுத்துட்டு, குதிரையால மடக்கணும்னு.

அம்சவள்ளி: இன்னொருத்தி?

சுலோசனா: அவளுக்கு வரலடி. ராணியைப் போயி யாராவது குடுப்பாங்களா...

அம்சவள்ளி: கஞ்சப் பிசினாரி.

சுலோசனா: சிரிக்காத. திங்கக்கிழமை மேகம் கட்டிக்கிச்சு. மழை வந்தா குவிச்ச உப்பெல்லாம் கரைஞ்சு போயிடும்னு வீட்டுக்கு வீடு ஆள் கூப்பிட்டாங்க. அவளால ஸ்கூலுக்கு வர முடியல.

அம்சவள்ளி: உப்பு மேல தென்னங்கீத்து போட்டு மூடவே சாயங்காலம் ஆயிடுச்சு. அதான் விடையைக் காகிதத்துல எழுதி, அந்த இன்னொருத்திகிட்ட குடுத்தனுப்பினா.

சுலோசனா: அதுல பேரு எழுத மறந்துட்டா.

அம்சவள்ளி: கையெல்லாம் வெடிப்பு. ரெண்டு வரி எழுதினதே பெருசு.

சுலோசனா: சார் பிரிச்சுப் பாத்துட்டு... "பலே சுலோசனா"ன்னாரு. கிளாஸே கை தட்டிச்சு. நான் அது உன்னோடதுன்னு சொல்லாமலே உக்காந்துட்டேன் அம்சா.

அம்சவள்ளி: "அவ" போயி "நான்"னு வந்துடுச்சே.

சுலோசனா: ஆமா... நான்தான். எப்படியும் உங்கப்பா உன்ன அனுப்ப மாட்டாருன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

அம்சவள்ளி: அப்பா சரின்னுட்டாருடி. அன்னிக்கு கீத்து போட்டுக்கிட்டே கேட்டேன். "ஜெயிச்சா போயிட்டு வா"ன்னாரு.

சுலோசனா: ஐயோ... வா, இப்பவே சார்கிட்ட போவலாம். நான் சொல்லிடறேன்.

அம்சவள்ளி: பேரு கடலூருக்குப் போயிடுச்சு. இனிமே மாத்த மாட்டாங்களாம்.

சுலோசனா: உனக்கு யாரு சொன்னது?

அம்சவள்ளி: சார்தான். புதன்கிழமை இங்க வந்தாரு. ராணியை ஏன் குடுக்கணும்னு உன்னக் கேட்டாராம், நீ முழிச்சியாம். "இது உன் விடையா அம்சவள்ளி? நாளைக்குப் பேரு அனுப்பணும்"னாரு.

சுலோசனா: நீ... என்ன சொன்ன?

அம்சவள்ளி: சுலோசனாவோடதுதான் சார்னு சொன்னேன். உன்னக் காட்டிக் குடுக்க வாய் வரல. அன்னிக்கே நீயா வந்து சொல்லுவ, காலையில ரெண்டு பேருமா போயி சார்கிட்ட மாத்திக்கலாம்னு, இருட்டுற வரைக்கும் இந்த வரப்புலயே நின்னேன்... சரி, அழாத. போயி நல்லா ஆடு. நீ நல்லா இருக்கணும்.