பாதிப் பட்டாம்பூச்சி ஒட்டிய கம்ப்யூட்டர்

குவெம்பு நகரிலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். வீட்டு வேலை முடித்துத் திரும்புகிறவர்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"என் கம்ப்யூட்டரு இப்ப எங்க தெரு செல்வி வீட்டுல இருக்குதுக்கா."

"உனக்கு ஏதுடீ கம்ப்யூட்டரு?" என்றாள் மூத்தவள்.

"மேடம் வீட்டுதுதான். காது குடையற பட்ஸ் விட்டுக் கீபோர்டு இடுக்கெல்லாம் தினம் தொடைச்சவ நானு. கெட்டுப்போச்சுன்னு ஏதோ டிரஸ்டுக்குத் தானமா குடுத்துட்டாங்க. அவங்க அதை ரிப்பேர் பண்ணி, இல்லாத வீட்டுப் புள்ளைங்களுக்குக் குடுக்கறாங்களாம். செல்வி மகளுக்கு அடிச்சுது யோகம்."

"அதேதான்னு எப்படித் தெரியும்?"

"மேடத்தோட பாப்பா ஒட்டுன பட்டாம்பூச்சி ஸ்டிக்கரு. பாதி நான் சொரண்டி எடுத்தேன். செல்வி வீட்டுல கொண்டுவந்து எறக்கும்போதே பாத்தேன், மீதி அப்படியே இருக்குது."

"கேட்டிருந்தா மேடம் உனக்கே குடுத்திருப்பாங்கல்ல?"

"கேக்கணுமாக்கா? என் பையனும் காலேஜ் போறான்னு அவங்களுக்குத் தெரியாதா? போன்லயே படிச்சுக் கண்ணு கெட்டுப்போச்சு அவனுக்கு. எனக்கு வயிறு எரியுது."

"சரி, செல்வி வீட்டுக்கு நீ எதுக்குப் போன?"

"நேத்து உறைமோர் வாங்கற சாக்குல போனேன். கம்ப்யூட்டரு எப்படி இருக்குதுன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

"எப்படி இருக்குது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரே தூசிக்கா. செல்வி உறைமோர் எடுக்க உள்ள போனா. அவ வர்றதுக்குள்ள முந்தானையால தொடைச்சு வெச்சிட்டு வந்தேன்."