பத்து ஊர் அரிசி

தாமிரபரணிப் பாலத்தில் எங்கள் வாடகை வண்டி ஏறியபோது, எதிரே இருந்த பெண் சொன்னாள்: "பள்ளிக்கூட போர்டிங்குல சோறு சரியா வேகலன்னு எம்பிள்ளை அழுதப்பதான் எனக்கு நிம்மதியாச்சு."

அவள் பக்கத்தில் இருந்தவள், தன் மகளுக்கு அதே பள்ளியில் இடம் கேட்கப் போகிறவள். "என்னக்கா இப்படிச் சொல்லுதிய?" என்றாள்.

"உலை வைக்கையில கோவிலுக்குன்னு தெனமும் ஒரு பிடி அரிசி கலயத்துல போடுதோம்லா? கோவில்ல அதைச் சேத்து அனுப்பித்தான் போர்டிங்குல பொங்குதாவ. பத்து ஊரு அரிசி ஒண்ணாக் கெடந்தா ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது. மொகந்தெரியாத எத்தனை பொம்பளைக எம்பிள்ளைக்குச் சோறு போடுதாவன்னு அப்பதான் தெரிஞ்சுது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"இப்பமும் அழுவுதாளா?"

"கிறிஸ்மஸுக்கு வந்தவ கலயத்துல ரெண்டு பிடி போட்டா. 'ஏட்டி, ஒண்ணு போதாதா'ன்னேன். 'புதுசா வார பிள்ளைகளுக்கு ரொம்பப் பசிக்கும்மா'ங்கா."

வண்டி பாலத்தைத் தாண்டியதும் மற்றவள் தயங்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊருல வெளையுதது, கலயத்துல போடுதது எல்லாம் செவப்பரிசிக்கா. வேக நேரமாவும்."

"பைய வேகட்டும். எம்பிள்ளை காத்திருந்து திங்கும்."