பிலோமி சொன்னதும் நான் சொன்னதும்

எனக்கு மீன் ஆயத் தெரியாது, இன்ஸ்பெக்டர் மேடம். ராயபுரத்துக்குக் குடிவந்ததிலிருந்து பக்கத்து வீட்டுப் பிலோமிதான் ஆய்ந்து தருவாள். கை வேலை செய்யும், வாய் பேசிக்கொண்டிருக்கும். விசைப்படகுக்குப் போகும் அவள் புருஷன் பெயர் சாவியோ. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சண்டையில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனவன். அவள் சொல்லச் சொல்ல அதை நாவலாக எழுதினேன்.

பரிசு கிடைத்தது. அசலான படைப்பு என்று மேடையில் பேசினார்கள். பிலோமியை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அல்லாம் நான் சொன்னதுதானேக்கா. நீ இன்னா புச்சா எயுதுன?"

"முடிவு நான் எழுதினது" என்றேன். நாவலில் கணவன் கடலில் விழுந்து செத்துப்போவான்.

"அது ஒண்ணுதான் பொய்யி. என் ஆளு வந்துரும் பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மீன் செதிலைக் கூட்டி அள்ளினாள்.

போன மாதம் சாவியோ எனக்கு போன் செய்தான். விசாகப்பட்டினத்தில் படகு வேலையாம். நேராக அவளிடம் பேச வெட்கம்.

"அக்கா, அது இன்னும் கோவமா கீதா? நான் வூட்டுக்கு வரட்டா?"

சுவருக்கு அந்தப் பக்கம் பிலோமி துணி அலசிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பாள். அவன் வந்துவிட்டால் அந்த நாவலில் என்னுடையது என்று என்ன மிஞ்சும்? அதைத்தான் யோசித்தேன். நிதானமாகத்தான் பேசினேன்.

"அவ வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டா, சாவியோ. ஆறு மாசக் குழந்தை இருக்கு. நீ வராதே."

குழந்தை அந்த நிமிஷம் தோன்றியதுதான். அப்படி ஒரு விவரம் இருந்தால்தான் கேட்பவர்கள் நம்புவார்கள்.

அவன், "கொயந்த நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் படகிலிருந்து அவன் குதித்ததும், கடைசியாகப் பேசியது என்னிடம்தான் என்பதும் நீங்கள் வந்து சொல்லித்தான் தெரியும். நான் அவனிடம் சொன்னது பிலோமிக்கு இன்னும் தெரியாது. என் மடியில் படுத்துத்தான் அழுகிறாள். "நீ எயுதுன மாரியே ஆயிப்போச்சேக்கா" என்கிறாள்.

அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கையெழுத்துப் போடுகிறேன். அடுத்தவள் கதையைத் திருடியவள் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் குழந்தையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.